தேவாங்கு நம் வேலியிலேயே இருக்க என்ன செய்யலாம்

எங்கள் அய்யலூர்ப் பக்கம் தோட்டத்தில் யார் தேவாங்கைப் பார்த்தாலும், "அண்ணே, இதைப் பிடிச்சு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்கிறார்கள். நல்ல மனதோடு கேட்பதுதான். ஆனால் காயம் படாத தேவாங்கை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் வீட்டில்தான் அது இருக்கிறது.

தேவாங்கு இரவில் நடமாடும் சின்னஞ்சிறு விலங்கு. எடை ஏறக்குறைய கால் கிலோதான். இரவு முழுக்கக் கிளை மாறி மாறி எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி என்று தேடித் தின்னும். அந்தத் தேடல்தான் அதன் பிழைப்பு. கூண்டில் அடைத்துப் பழத்தைத் தட்டில் வைத்தால் நடமாட்டம் குறைந்து உடம்பு பெருத்துப்போகும்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். அதற்கு வெளியேயும், நம் கிளுவை உயிர்வேலியிலும் கிணற்றுமேட்டு உசிலை மரத்திலும் தேவாங்கு வாழ்கிறது. அந்த இடத்தைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் வேலி. தேவாங்கு குரங்கைப் போலத் தாவாது. கிளுவை வேலியில் அது போவதைக் கவனித்துப் பாருங்கள்: முன்கை அடுத்த கிளையை எட்டி, இறுகப் பிடித்த பிறகுதான் பின்கால் பழைய கிளையை விடும். கைக்கு எட்டாத ஓர் இடைவெளி வந்தால் அதற்கு ஒரே வழி, தரையில் இறங்குவது. தரையில் நாயும் வண்டியும் இருக்கின்றன. அதனால் உயிர்வேலியை ஜேசிபி வைத்து அடியோடு எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடாதீர்கள். கம்பி போட்டே ஆக வேண்டுமென்றால் கிளுவையை ஒட்டியே போடுங்கள். கவாத்து செய்யும்போது ஒரு வருடம் ஒரு பக்கம், மறு வருடம் மறு பக்கம் என்று வெட்டுங்கள். மேலே கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிவாளை வைக்க வேண்டாம். மின்கம்பி போகும் இடத்தில் மட்டும் கிளையைக் கட்டாயம் ஒதுக்குங்கள். கம்பியைப் பிடித்தால் உயிர் போய்விடும்.

வண்டிப்பாதை குறுக்கே போனால் இரண்டு பக்கமும் மரம் வைத்து மேலே கூட விடுங்கள். கூடும் வரைக்கும் தடித்த தேங்காய்நார்க் கயிற்றை உயரத்தில் இழுத்துக் கட்டிப் பார்க்கலாம். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கப் பழைய தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதே யோசனைதான் இதுவும்.

பூச்சிமருந்து விஷயம் சுருக்கமாக. வெள்ளாமைக்கு அடித்தாலும் வேலி மேல் அடிக்காதீர்கள். அங்கேதான் அதன் சாப்பாடு இருக்கிறது.

குட்டி தனியாகக் கிளையில் தொங்கினால் பதற வேண்டாம். பிறந்த சில வாரங்களுக்குத் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே திரியும். அப்புறம் தாய் அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்வரும். அனாதை என்று நினைத்து எடுத்துப்போனால் நாமே அதைத் தாயிடமிருந்து பிரித்தவர்கள் ஆகிவிடுவோம். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

சாலையில் உறைந்து நிற்கும் பெரிய தேவாங்கு என்றால் வண்டிகளை நிறுத்துங்கள். தானாகப் போகவில்லையா, ஒரு நீளக் காய்ந்த கிளையை முன்னால் நீட்டினால் பிடித்துக்கொள்ளும். அப்படியே கொண்டுபோய் அருகிலுள்ள வேலியில் சாய்த்து வையுங்கள். கையால் தொடாதீர்கள், கடிக்கும்.

அடிபட்டிருந்தால் மட்டும் கதை வேறு. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணியும் ஒரு குச்சியும் வைத்து, இருட்டாக மூடி, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பால், வாழைப்பழம் எதுவும் ஊட்ட வேண்டாம். ஒப்படைக்கும்போது, எந்த வேலியில், எந்த மரத்தடியில் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். குணமான பிறகு அதே இடத்தில் கொண்டுவந்து விட அதுதான் உதவும்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையா, தாராளமாகக் காட்டுங்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, வேலி ஓரமாக மெல்ல நடந்தால், இரண்டு கண்கள் தணலாய் மின்னும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளிச்சத்தை விலக்கிவிடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். இடத்தின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். மாந்திரீகத்துக்கென்று தேவாங்கைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பிடித்தாலும் விற்றாலும் சிறைதான். ஊருக்குள் யாராவது விலை பேசினால், அவரோடு மல்லுக்கட்டாமல் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லிவிடுங்கள்.

வேலியை ஏற்கனவே எடுத்துவிட்டவர்கள் மழைக்கு முன்பு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) நெருக்கமாக ஊன்றுங்கள். நடுநடுவே உசிலையும் வேம்பும் வையுங்கள். ஆடு கடிக்காமல் முள் அடைத்துவிட்டால் மற்றதை மழை பார்த்துக்கொள்ளும்.