நடுவர் முதலில் பார்ப்பது போட்டோவைத்தான்
எங்கள் பல்கலைக்கழக மாணவர் ஓவியக் கண்காட்சிக்கு எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. முதல் சுற்றில் நடுவர் பார்ப்பது நாம் பதிவேற்றும் போட்டோவை மட்டும்தான், ஆனால் என் ஓவியத்தில் கருநீலம் கெட்டியாகப் பூசிய இடமெல்லாம் ட்யூப்லைட் பட்டுத் திட்டுத்திட்டாகப் பளபளத்ததில் தூரிகைத் தடமே தெரியவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு எல்இடி விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் வைத்தேன். கேமராவை ஓவியத்தின் நடுமட்டத்துக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் செய்தேன். ரொம்பக் கிட்டே போனால் ஓரங்கள் வளையும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அப்புறமும் ஒரு மூலையில் மினுக்கம் மிச்சமிருந்தது, அந்தப் பக்க விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ளியதும் போய்விட்டது. சுவர் தெரியாமல் வெட்டி, ஜேபெக்காகச் சேமித்து அனுப்பினேன். கண்ணாடிச் சட்டம் போடுகிற ஓவியம் என்றால் போடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.