ஒரே மீட்டர், ரெண்டு குடித்தனம்: கரண்ட் பில் பஞ்சாயத்த முடிச்ச விதம்

அம்மாபேட்டையில வாடகைக்கு விடலாம்னு ஒரு பழைய வீடு வாங்கினேன், கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன், ஆனா ஈபி மீட்டர் ஒண்ணுதான். பில் வந்தாலே பஞ்சாயத்து. மேல ஏசி ஓடுது, கீழ வெறும் ஃபேன், பில்ல பாதி பாதின்னா யாரு ஒத்துக்குவாங்க? "ஏந்தம்பி, அவங்க குளுகுளுன்னு தூங்க நான் காசு குடுக்கணுமா"ன்னு கீழ்வீட்டு அக்கா நேராவே கேட்டுட்டாங்க, நியாயம்தான.

இதுல இன்னொண்ணு, ரெண்டு மாசத்துக்குன்னு குடுக்கற இலவச யூனிட் கனெக்ஷனுக்கு ஒரு தடவைதான், ரெண்டு வீட்டு யூனிட்டும் ஒண்ணா சேந்து 500ஐ தாண்டிட்டா கம்மி ரேட் ஸ்லாபும் போயிடும். சப்-மீட்டர், அதாவது யாரு எவ்வளவு இழுத்தாங்கன்னு பாக்க ஈபி மீட்டருக்கு அப்புறம் நாமளே வெக்கற மீட்டர், வெச்சா சண்டை தீரும், இந்த நஷ்டம் தீராது. அதனால பழைய சர்வீஸ (ஈபி கனெக்ஷன) என் பேருக்கு மாத்திட்டு மாடிக்கு தனி சர்வீஸே எழுதிப் போட்டேன். அதுக்கு ரெண்டு வயரிங்கும் கலக்காம தனித்தனியா இருக்கணும்.

வயர்மேன் பிரிக்கறப்பதான் கூத்து, கீழ்வீட்டு ஃபியூஸ் கட்டைய புடுங்கினா மாடிப்படி லைட்டும் தண்ணி மோட்டாரும் சேந்து நிக்குது! அப்படியே விட்டா மேல்வீட்டு தண்ணிச் செலவும் அந்தக்கா தலையிலதான். மோட்டாருக்கு மட்டும் சின்ன சப்-மீட்டர் போட்டு, பாதிக் காச மேல்வீட்டுல வாங்கி கீழ்வீட்டு வாடகையில கழிச்சுக்கறேன், படிக்கட்டு லைட்ட மாடி லைனுக்கு மாத்தியாச்சு. தமிழ்நாட்டோட 2017 வாடகை சட்டப்படி அக்ரிமெண்ட் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும்ல, அதுலயே மோட்டார் கணக்கையும் ஒரு வரியா சேத்துட்டேன்.