கிளட்ச் மாற்றினார்கள், லைட் மங்கியது

கிளட்ச் மாற்றி சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுத்த மறுநாள் காலை, செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. அப்போது மீட்டர் லைட்டெல்லாம் அணைந்து எரிந்தன. திரும்பக் கொண்டுபோனேன். "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்றார்கள். ஏழு மாதப் பேட்டரி!

வீட்டில் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 14.2. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கிறது. அப்புறம்தான் எர்த் மேல், அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு சேர்க்கும் இணைப்பின் மேல், சந்தேகம் வந்தது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். என் வண்டியில் எர்த் கேபிள் அதன் மேல்தான் போல்ட் செய்திருக்கும்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.9 வோல்ட் காட்டியது. அவ்வளவும் அந்த இணைப்பிலேயே வீணாகிறது என்று அர்த்தம். 0.2, மிஞ்சினால் 0.3-க்குள் இருக்க வேண்டியது. ஒயர் அறுந்திருக்கிறதா என்று சும்மா ஓம் (மின்தடை) பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் இணைப்புகூட அந்தச் சோதனையில் நல்லபடியாகவே காட்டும். அதிகக் கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கீழே எட்டிப் பார்த்தால் போல்ட் கையாலேயே திரும்பியது. அடியில் கிரீஸும் மண்ணும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளக்கத் தேய்த்து முறுக்கினேன். இப்போது 0.1. செலவு, உப்புத்தாள் காசு மட்டும்.