நேர்கோட்டில் மூன்று மின்துகள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ப்ளஸ் டூ பசங்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். முதல் பாடமே நிலைமின்னியல் (அசையாமல் இருக்கும் மின்துகள்களின் பாடம்), வருடா வருடம் சறுக்குகிற இடமும் அதேதான். மைக்ரோவை 10⁻⁶ ஆக்கு, சென்டிமீட்டரை மீட்டராக்கு என்பதெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். விட்டுவிடுகிறேன்.

குறியைப் போட்டுக் கூட்டுவது

x அச்சில் 0-இல் +2 μC (மைக்ரோகூலூம், மின்னூட்டத்தின் அளவு), 10 செ.மீ.யில் −3 μC, 30 செ.மீ.யில் +4 μC. நடுவில் உள்ளதன் மேல் விசை என்ன?

நன்றாகப் படிக்கிற ஒரு பெண் மளமளவென்று போட்டாள். கூலூம் விதியில் (விசை = 9 × 10⁹ × இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கல் ÷ தூரத்தின் வர்க்கம்) −3-ஐ அப்படியே வைத்தாள். −5.4, −2.7. கூட்டி, "8.1 நியூட்டன், இடப்பக்கம்" என்று நீட்டினாள். "ரெண்டுமே மைனஸ்தானே சார்?"

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அந்த மைனஸ் சொல்வது 'கவர்ச்சி' என்பதை மட்டும்தான். இடமா வலமா என்பதை அது சொல்லவே இல்லை. −3-இன் மேல் அம்புக்குறி போடச் சொன்னேன். +2 இடப்பக்கம் இழுக்கிறது, +4 வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டாவது அம்பு போட்டதும் பேனா நின்றது. "அப்போ கழிக்கணுமா சார்?"

ஆமாம். 5.4 − 2.7 = 2.7 நியூட்டன், இடப்பக்கம். அவள் விடை மூன்று மடங்கு. நீட் தேர்வில் அந்த 8.1-உம் ஒரு ஆப்ஷனாக உட்கார்ந்திருந்தால் 4 மதிப்பெண் போவதோடு 1 கழியவும் செய்யும்.

அதனால் முதலில் அம்பு, அப்புறம் குறியில்லாத எண்மதிப்பு. அலகு வெக்டரோடு (திசையை மட்டும் காட்டும், நீளம் 1 உள்ள அம்பு) எழுதுகிறவர்கள் குறியைப் போட்டே ஆக வேண்டும், சரி. ஆனால் எழுதி முடித்தபின் 'எதிர் மின்துகள் ஆச்சே' என்று திசையை இன்னொரு முறை திருப்பக் கூடாது.

தூரத்தை ஆதிப்புள்ளியிலிருந்து எடுப்பது

மேலே +4-க்கும் −3-க்கும் இடையே 20 செ.மீ.தான். 30 என்று போட்டால் 2.7 வர வேண்டிய இடத்தில் 1.2 வரும். புதுச்சேரி–சிதம்பரம் பஸ்ஸில் கடலூரில் ஏறியவரிடம் புதுச்சேரியிலிருந்தா டிக்கெட் காசு கேட்பார்கள்?

வர்க்கம்

0.2-இன் வர்க்கம் 0.04. 0.4 அல்ல.

நடுவில் இருப்பது மறைக்கும் என்று நினைப்பது

மறைக்காது. −3 இடையில் இருந்தாலும் +2 ஆனது +4-ஐ அதே விசையோடு தள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

விசை சுழியாகும் இடத்தை எப்போதும் நடுவில் தேடுவது

இரண்டு மின்துகள்கள் இருக்க, மூன்றாவதன் மேல் விசை சுழியாகும் இடத்தைக் கேட்பார்கள். அந்த இரண்டும் ஒரே குறி என்றால் இரண்டுக்கும் இடையில் தேடுங்கள். எதிரெதிர்க் குறி என்றால் அந்த இடம் இரண்டுக்கும் வெளியே, எண்மதிப்பு சிறியதன் பக்கம். எண்மதிப்பும் சமமாக இருந்தால் அப்படி ஓர் இடமே கிடையாது. சமன்பாடு போட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.