வரப்புத் தகராறு: வேலியை விட்டுவிட்டுக் கல்லைத் தேடுங்கள்

பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு வந்தபோது, வேலியிலிருந்து அளந்ததுதான் நாங்கள் செய்த தவறு. வேலி நகரும், வரப்பு உழவுக்கு உழவு கரையும். புலப்படத்தில் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) உள்ள சர்வே கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படத்தை எடுத்து, புல எண்ணையும் உட்பிரிவையும் பத்திரத்தோடு ஒப்பிட்டோம். படத்தில் மீட்டர், பத்திரத்தில் அடி. மீட்டருக்கு 3.28 அடி, 3.3 என்று பெருக்கினால் 60 மீட்டரில் ஓரடிக்கு மேல் பிசகும். பாதிச் சண்டை இதில்தான் முளைக்கிறது!

மூலைக்கல் முக்கால் அடி மண்ணுக்குள் கிடந்தது. கடப்பாரை நுனி 'ணங்' என்றது. மண்ணைத் துடைத்ததும் தலையில் வெட்டிய குறி தெரிந்தது.

பிறகு நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினோம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் போனதா என்று கட்டாயம் பாருங்கள். அவர் இல்லாமல் அளந்தால் பின்னால் ஏற்கமாட்டார். சர்வேயர் காட்டிய இடத்தில் அன்றே, இருவரும் நிற்கக் கல் நட்டோம்.