பனியன் கம்பெனி லைனில் பாராட்டு: சூப்பர்வைசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் எந்த கம்பெனியிலும் ஓய்வதில்லை. கூலி பெரிய காரணம். அதே கூலிக்கு அடுத்த தெரு கம்பெனிக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் வேலை யார் கண்ணிலும் படவில்லை என்ற மனக்குறை அவர்களில் பலருக்கு உண்டு.

முதல் தவறு, உரிமையைச் சலுகைபோலக் கொடுப்பது. தீபாவளி போனஸ் கவரை நீட்டி "உங்களுக்காக முதலாளிகிட்ட பேசி வாங்கினேன்" என்று சொல்லாதீர்கள். தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் சட்டப்படி சேர வேண்டியது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலியும் அப்படித்தான். அதில் பிடித்துக்கொண்டு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் அது பாராட்டாகாது. கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது, பொத்தாம்பொதுவான "சூப்பர்". எல்லாருக்கும் அதையே சொன்னால் யாருக்கும் சொல்லாததற்குச் சமம். ஒரு ஹெல்பர், வெட்டிய துணிகளைக் கட்டிவைத்த பண்டிலைப் பிரிக்கும்போது முன்பக்கத் துணிக்கும் பின்பக்கத் துணிக்கும் கலர் லேசாக மாறியிருப்பதைக் கவனித்து, மெஷினுக்குப் போகாமல் நிறுத்துகிறார் என்று வையுங்கள். தைத்த பிறகு தெரிந்திருந்தால் ஓவர்லாக் தையலைப் பிரித்து ஆல்டர் (திருத்தம்) செய்ய வேண்டும்; பிரித்த ஓரம் நைந்துபோனால் பீஸே வீண். அன்றைக்கே, அவர் மேஜைக்கே போய்ச் சொல்லுங்கள்: "அக்கா, காலையில அந்த பண்டில்ல ஷேடு மாறினதை நீங்க பிடிச்சதால ஒரு பீஸ்கூட ஆல்டருக்குப் போகலைங்க." என்ன செய்தார், அதனால் எது தப்பியது என்ற இரண்டும் அதில் இருக்கிறது. அதோடு நிறுத்துங்கள். "ஆனா நேத்து லேட்டா வந்தீங்களே" என்று ஒட்டுப்போட்டால் மனதில் தங்குவது அந்த ஒட்டு மட்டும்தான். தாமதத்தைப் பற்றித் தனியாக, வேறு நேரத்தில் பேசலாம்.

நல்ல டெய்லருக்குப் பரிசாகக் கஷ்டமான வேலையையே தள்ளிவிடுவது இன்னொன்று. கெட்டிக்கார டெய்லர்கள் விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுவைத் துணிப் பட்டி) வைப்பது நுணுக்கமான வேலை. கொஞ்சம் இழுத்துத் தைத்தாலும் கழுத்து அலை அடிக்கும். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குபவரிடம் புது ஸ்டைலின் கழுத்தைக் கொடுத்தால், கை பழகும் வரை எண்ணிக்கை குறையும், சம்பளமும் குறையும். நம்பிக்கொடுத்த வேலைக்கு அவரே அபராதம் கட்டியதுபோல் ஆகிவிடும். பழகும் நாட்களுக்கு அவருடைய வழக்கமான நாள் கூலியை உறுதி செய்யுங்கள், அல்லது ரேட்டை முதலிலேயே கூட்டிப் பேசுங்கள்.

டார்கெட் முடிந்ததும் டெய்லருக்கு மட்டும் கைதட்டல் போவதும் வழக்கமாகிவிட்டது. பிசிறு வெட்டுபவர், செக்கிங், அயர்னிங் எல்லாரும் சேர்ந்தால்தான் பெட்டி ஏறும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களை ஊர் பெயரால் கூப்பிடாதீர்கள். பெயரைச் சரியாகக் கேட்டு, சரியாக உச்சரித்துக் கூப்பிடுவதே அவர்களுக்கு முதல் மரியாதை. தொழிலாளி சொன்ன யோசனையை மேனேஜரிடம் கொண்டுபோகும்போதும் அவர் பெயரோடு சொல்லுங்கள்.

ஒரு பாக்கெட் நோட்டில் லைனில் உள்ள எல்லார் பெயரையும் எழுதி, யாரிடம் எதற்காக, எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று குறித்து வாருங்கள். இரண்டு வாரமாகக் காலியாக இருக்கும் பெயர் யாருடையதோ, மறுநாள் காலையில் அவர் மெஷின் பக்கம் பத்து நிமிடம் நின்று, அவர் வேலையை மட்டும் கவனியுங்கள்.