ஃப்ரிட்ஜ் ஊறுகாய்: எங்கே தவறு நடக்கிறது?

மாங்காயும் நார்த்தங்காயும் போட்டுப் பழகிய கைதான், காயை வினிகர் தண்ணீரில் போட்டுக் குளிரில் வைக்கும் ஃப்ரிட்ஜ் ஊறுகாயில் அதிகம் தடுமாறுகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, கணக்கு வேறு. நம் ஊறுகாயைக் காப்பது உப்பு, வெயில், காயின் சொந்தப் புளிப்பு, மேலே நிற்கும் நல்லெண்ணெய். அதனால்தான் அது மாதக்கணக்கில் ஜாடியில் நிற்கிறது. வினிகர் தண்ணீரில் ஊறும் வெள்ளரிக்கும் வெங்காயத்துக்கும் அந்தக் காவல் எதுவும் இல்லை. அவற்றில் உப்பு குறைவு, எண்ணெய் இல்லை, காயும் பச்சை. புளிப்பும் குளிரும் மட்டும்தான் காவல். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாட்டில் கெடும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருபவை. (இலங்கையில் வினாகிரி ஊற்றிச் செய்யும் அச்சாறு இதற்கு நெருங்கிய சொந்தம். அதைச் செய்து பழகியவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதைதான்.)

வினிகர் பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் ஊற்றுவது

முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே கடையில் வாங்கும் வெள்ளை வினிகரில் வழக்கமாக 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ‘ஒரு கப் வினிகர், ஒரு கப் தண்ணீர்’ என்று அவர்கள் எழுதுவது அந்த வினிகரை வைத்துத்தான். கலந்த பிறகு 2.5 சதவீதம் நிற்கும். இந்திய உணவுச் சட்டப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் இருந்தால் போதும். நம் மளிகைக் கடைப் பாட்டில்கள் பலவற்றில் 4 சதவீதம் என்றுதான் இருக்கும். அதே ஒன்றுக்கு ஒன்று அளவில் கலந்தால் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

4 சதவீத வினிகரில் 2.5 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் 5 பங்கு வினிகருக்கு 3 பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலுக்கான கணக்கு இது: காய் 500 கிராம், வினிகர் 250 மில்லி, தண்ணீர் 150 மில்லி, உப்பு 12 கிராம், சர்க்கரை 20 கிராம். சர்க்கரை ருசிக்காகத்தான், அதைக் குறைக்கலாம், விட்டும் விடலாம். வினிகரைக் குறைக்கக் கூடாது. ‘ரொம்பப் புளிக்கிறது’ என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

காய்க்குள் இருக்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். 500 கிராம் வெள்ளரி என்றால் 475 கிராம் தண்ணீர். மேலே சொன்ன 400 மில்லி கரைசலில் இருப்பது 10 கிராம் அமிலம். இரண்டு மூன்று நாளில் உள்ளும் புறமும் சமமானதும் அந்த 10 கிராம் சுமார் 875 மில்லியில் பரவி நிற்கும், அதாவது 1.1 சதவீதத்துக்குச் சற்று மேல். ‘ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர்’ என்று ஊற்றினால் கடைசியில் நிற்பது 0.6 சதவீதம். நாலாம் நாள் கொழகொழப்பு தட்டுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அன்றைக்கே சாப்பிடும் வெங்காயத்துக்குச் சரி, மூன்று வாரம் வைக்கும் பாட்டிலுக்கு வேண்டாம்.

உப்பை ஸ்பூனில் அளப்பது, போர்த் தண்ணீர் ஊற்றுவது

தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம். அதே ஸ்பூனில் கல் உப்பு எடுத்தால் கல்லின் பருமனைப் பொறுத்து எடை குறையும். ஆகவே தராசில் நிறுப்பது நல்லது. பொட்டலத் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் மங்கலாகத் தெரியும். கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீரின் சேதி வேறு. அதில் உள்ள சுண்ணச் சத்து கரைசலைக் கலக்குவதோடு புளிப்பிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வடிகட்டிய குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொறுமொறுப்பு போய்விட்டது என்ற புகார்

இதற்குக் காரணம் பெரும்பாலும் காயிலும் கத்தியிலும் இருக்கும்.

ஒரு வெள்ளரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் காம்பு, மறு முனையில் பூ உதிர்ந்த சிறு வடு. அந்தப் பூ முனையில்தான் காயை இளக வைக்கும் நொதிகள் இருக்கின்றன. பலர் கசப்புக்குப் பயந்து காம்பு முனையை மட்டும் நறுக்கித் தேய்த்துவிட்டு, பூ முனையை அப்படியே பாட்டிலுக்குள் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் நறுக்கித் தள்ளிவிடுங்கள்.

விதை முற்றி மஞ்சள் தட்டிய வெள்ளரியைச் சாம்பாருக்குக் கொடுத்துவிடலாம். பிஞ்சுதான் வேண்டும். கெர்கின் என்னும் சிறு வெள்ளரி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காகவே ஏக்கர் ஏக்கராக விளைகிறது. ஆனால் காய்கறிக் கடையில் அது கண்ணில் படுவது அபூர்வம். விரல் நீளப் பிஞ்சு நாட்டு வெள்ளரி கிடைத்தால் விடாதீர்கள். பளபளவென்று மெழுகு பூசிய நீள வெள்ளரி என்றால் தோலைச் சீவிவிட வேண்டும், மெழுகு கரைசலை உள்ளே விடாது.

நறுக்கிய வெள்ளரிக்கு உப்புப் பிசிறல் அவசியம். 4 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, 500 கிராமுக்கு 10 கிராம் உப்பு பிசிறி, வடிதட்டில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். கீழே இறங்கியிருக்கும் தண்ணீரைக் கொட்டி, காயை ஒரு முறை அலசி, துணியில் ஒற்றி எடுத்துப் பாட்டிலில் போடுங்கள். வெளியே வந்த தண்ணீர் அளவுக்கு உங்கள் வினிகர் நீர்த்துப்போவது குறைகிறது. வில்லையும் கடித்தால் ‘நறுக்’கென்கிறது. பிசிறிய உப்பில் கொஞ்சம் காயில் தங்கிவிடும் என்பதால் கரைசலுக்கான 12 கிராமை 8 ஆகக் குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் காய்க்கும் ஒரே சூட்டில் கரைசல் ஊற்றுவதும் தவறு. வெள்ளரிக்கு ஆறிய கரைசல். வெங்காயத்துக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கேரட், காலிஃபிளவர் இரண்டுக்கும் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஏறாது. பீன்ஸைப் பச்சையாகப் போடக் கூடாது, கொதிநீரில் 3 நிமிடம் போட்டு எடுத்த பிறகே பாட்டிலுக்குப் போக வேண்டும். பீட்ரூட்டை முழுதாக வேகவைத்துத் தோலுரித்து நறுக்க வேண்டும். கேரட், காலிஃபிளவர் தவிர மற்றவற்றுக்குக் கரைசலை உப்பும் சர்க்கரையும் கரையும் வரை சூடாக்கினால் போதும். கொதிக்கவிட்டு நின்றால் மூக்கு எரிவதுதான் மிச்சம்.

மொறுமொறுப்புக்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. சுண்ணாம்பு காரம். அலசலில் கொஞ்சம் தங்கினாலும் வினிகரின் புளிப்பை முறிக்கும். நீங்கள் நம்பியிருக்கும் இரண்டு காவலாளிகளில் ஒருவரை நீங்களே அடித்துப் போட்டதாகிவிடும். படிகாரமும் இந்த வகை ஊறுகாயில் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பாட்டில், பாத்திரம், மூடி

கரைசலை அலுமினியத்திலோ பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சாதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் சரி. ஊற வைக்கக் கண்ணாடிதான் நல்லது. பழைய ஜாம் பாட்டிலை எடுத்தால் மூடியின் உள்பூச்சு உரிந்திருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாட்டிலை வைத்துக்கொண்டு மூடியைத் தூக்கிப்போட்டு, பிளாஸ்டிக் மூடி தேடுங்கள்.

கொதிக்கும் கரைசலைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் அடி கழன்று விழும். கிரானைட் மேடை சில்லென்று இருப்பதால் அதன் மேல் வைத்து ஊற்றினால் ஆபத்து இன்னும் அதிகம். பாட்டிலை முதலில் வெந்நீரில் கழுவி, மடித்த துணி மேல் வைத்து ஊற்றுங்கள். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

நம் ஊறுகாயில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் போச்சு என்போம். இங்கே பாட்டில் முழுக்கத் தண்ணீர்தான், ஈரம் பிரச்சினை இல்லை. கழுவாத ஸ்பூனும் விரலும்தான் பிரச்சினை. அதைவிடப் பெரியது, கரைசலுக்கு மேலே தலை நீட்டும் காய். பூஞ்சை முதலில் அதன் மேல்தான் உட்காரும். மேலே ஒரு முட்டைக்கோஸ் இலையை மடித்து அமுக்கி, கரைசல் அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி ஊற்றுங்கள்.

மசாலாவில் முழுசாக இருப்பவையே நல்லது: கடுகு, மிளகு தலா ஒரு டீஸ்பூன், இரண்டு பச்சை மிளகாய். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் ‘டில்’ விதை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று கேளுங்கள், அதுதான் இது. மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் கரைசலைக் குழப்பும். குழம்பிய பிறகு கெட்டதால் வந்த கலங்கலா, தூளால் வந்த கலங்கலா என்று கண்டுபிடிக்க முடியாது.

எண்ணெய், பூண்டு, முட்டை

பழக்கதோஷத்தில் தாளித்துக் கொட்டி, மேலே எண்ணெய் மிதக்க விடுகிறவர்கள் உண்டு. புளிப்பு போதாத பாட்டிலில் எண்ணெய் மூடாக்கு போட்டால், காற்று இல்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமிக்குத்தான் அது வசதி. புளிப்பை அளக்கும் pH எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்காது. பூண்டு போன்ற, புளிப்பில்லாத, மண்ணில் விளைந்த பொருளை எண்ணெயில் மட்டும் ஊற வைத்து நாள்கணக்கில் வைப்பது அதனால்தான் ஆபத்து. வினிகர் கரைசலுக்குள் இரண்டு பல் பூண்டு போடுவது வேறு விஷயம், அதில் தவறில்லை.

1997-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் வீட்டில் வினிகரில் ஊற வைத்த வேகவைத்த முட்டையைச் சாப்பிட்டு இந்த நஞ்சுக்கு ஆளானார். முட்டைகளைப் பல்குச்சியால் குத்தி, பாட்டிலை வெளியிலேயே வைத்திருந்தார். கரைசல் நல்ல புளிப்புதான். ஆனால் மஞ்சள் கருவுக்குள் அந்தப் புளிப்பு போய்ச் சேரவில்லை, துளையோடு கிருமி மட்டும் போயிற்று. கெட்டியான பொருளைப் பெரிதாக, முழுதாகப் போட வேண்டாம், வெளியே வைக்கவும் வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்றே என்ற தைரியம்

குளிர் கிருமியைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது. லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், அவற்றைத் தடுப்பதும் புளிப்புதான். உங்கள் ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்கிறது என்பது 1 முதல் 5 வரை எண் போட்ட திருகைப் பார்த்துத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரை நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். கதவில் பாட்டில் வைக்கும் இடம்தான் ஃப்ரிட்ஜிலேயே சூடானது. பாட்டில் என்பதால் கை தானாக அங்கே போகும், உள் தட்டில் வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத வரை 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு கூரியரில் அனுப்ப இது ஆகாது. அதற்கு மாங்காய் ஊறுகாயை நன்றாக எண்ணெய் ஊற்றிப் போடுங்கள்.

எப்போது திறக்கலாம்? மெல்லிசாக நறுக்கிய வெங்காயம் ஒரு மணி நேரத்தில் தயார். வெள்ளரிக்கு இரண்டு நாள், கேரட்டுக்கும் காலிஃபிளவருக்கும் மூன்று நாள், பீட்ரூட்டுக்கு ஒரு வாரம் கொடுங்கள். அதற்கு முன்னால் எடுத்து ‘ருசி இல்லை’ என்று உப்பைக் கொட்டுவதும் வழக்கமான தவறு. மூன்றாம் நாள் அது உப்புக்கல்லாக இருக்கும். வெங்காயத்தை இரண்டு வாரத்துக்குள்ளும் மற்றவற்றை ஒரு மாதத்துக்குள்ளும் முடித்துவிடுங்கள். போட்ட தேதியை மூடியில் எழுதி ஒட்டாவிட்டால் எல்லாப் பாட்டிலும் ‘போன வாரம் போட்டதுதானே’ ஆகிவிடும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் பயம் வேண்டாம், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. சிவப்பு வெங்காயம் ரோஸ் நிறமாவதும் இயல்பு. மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ஸென்று காற்று வருவது, காயில் வழவழப்பு, மேலே ஆடை, பஞ்சு போன்ற பூஞ்சை, வினிகர் அல்லாத நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள். மேலே வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவதும், ‘கெட்டுவிட்டதா பார்க்கலாம்’ என்று ஒன்றை எடுத்து வாயில் போடுவதும் கூடாது.

காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் கரைசலைப் பார்த்தால் மனசு வராது. அதில் புதுக் காயைப் போட்டு மறுபடி ஒரு மாதம் வைக்க முடியாது, பாதிப் புளிப்பு முதல் காய்க்குள் போய்விட்டது. அன்றைக்குச் சாப்பிடும் வெங்காயத்தை அரை மணி நேரம் அதில் ஊற வைக்கலாம். சாலட்டில் எலுமிச்சைக்குப் பதில் இரண்டு ஸ்பூன் விடலாம். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவி வையுங்கள்.